புதுப்பிப்பு: காட்டுயிரும் படகும், கையைக் கடிக்காத செலவில்

நண்பர்களோடு குறைந்த செலவில் காட்டுயிர் பார்க்கவும் நீர் விளையாட்டுக்கும் ஒரே பயணத்தில் போக முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, தாராளமாக முடியும். வார நாட்களில் போங்கள், ஜீப்பை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி, பெரிய மிச்சம் அதில்தான்.

எனக்கு மறக்கவே முடியாதது கயாக், அதாவது துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு. மோட்டார் சத்தம் இல்லை, துடுப்பை மடியில் வைத்துவிட்டு மிதந்துகொண்டே போனால் பறவைகள் அவ்வளவாகப் பதறுவதில்லை. கரையோரக் கட்டையில் ஒரு பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும், அதனால்தான் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்க முடிகிறது, அப்புறம் இப்படி வெயிலில் நிற்கவும் வேண்டியிருக்கிறது.

ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான ஆற்றில் போவது) போகிறவர்கள் கவனிக்க: ஆற்றின் வேகப் பகுதிகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள், புதியவர்களுக்கு 3 வரை போதும். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காதுவரை ஏறினால் பட்டை இறுகவில்லை. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது, பாறையிடுக்கில் கால் சிக்கிவிடும்.

யானைச் சவாரியும் விலங்கோடு செல்ஃபியும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தயவுசெய்து வேண்டாம்.

நீச்சல் தெரியாத நண்பரைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டவருக்கு: சரி, கூட்டிப்போங்கள், ஆனால் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் நண்பர் அமைதியான நீரில் இருவர் கயாக்கில் மட்டும் போனார்.