மறு: டெர்மினேட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மேக்கின்டாஷ்களில் வெளி வன்தட்டு இணைக்கும் கையேட்டைத் தமிழாக்கும் வேலை டெர்மினேட்டர் என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. கருவிகளை இணைக்கும் கம்பியின் முனையில் மாட்டும் சிறு பொருள் அது. முடிப்பான், முனைத்தடை, முனையடக்கி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு முனையடக்கிக்கு.

> டெர்மினேட் என்றால் முடித்தல். ஆகவே முடிப்பான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ஸ்கஸி (SCSI, அந்த மேக்கின்டாஷ்களில் வன்தட்டுகளை இணைத்த முறை) கம்பியில் அந்தப் பொருள் எதையும் முடித்துவைப்பதில்லை. கம்பியில் ஓடும் மின்துடிப்பு, வெறுமனே விடப்பட்ட முனையை எட்டியதும் தொட்டிச் சுவரில் மோதிய நீரலை போலத் திரும்பி வருகிறது. அது பின்னால் வரும் துடிப்போடு கலந்தால் எது 0, எது 1 என்று வன்தட்டுக்குத் தெரியாமல் போகும். கம்பியின் மின்மறிப்புக்கு (இம்பீடன்ஸ்) ஒத்த மின்தடையை முனையில் வைத்தால் துடிப்பு அங்கேயே அடங்கிவிடும். அந்தப் பொருளின் முதல் வேலை இதுதான்.

முடிப்பான் என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கருவிச் சங்கிலியின் கடைசிப் பெட்டியில் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். ஆனால் தொடக்க முனையிலும் ஒன்று வேண்டும். உள்வன்தட்டு இருக்கும் கணினிகளில் பெரும்பாலும் அந்தத் தட்டிலேயே அது இருக்கும் என்பதால் கண்ணில் படுவதில்லை. உள்தட்டைக் கழற்றிவிட்டு வெளித்தட்டை மட்டும் வைத்து ஓட்டப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. ஒவ்வொரு பெட்டியையும் ‘முடித்து’ வைக்க வேண்டும் என்று நினைத்து நடுவில் மூன்றாவது ஒன்றை விட்டுவைப்பது. சாதாரண டெர்மினேட்டரில் 18 சமிக்ஞைத் தடங்கள் ஒவ்வொன்றுக்கும் 5 வோல்ட் பக்கம் 220 ஓம், தரைப் பக்கம் 330 ஓம் என இரண்டு மின்தடையங்கள். சமிக்ஞை அனுப்ப ஒரு தடத்தின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும்போது ஒவ்வொரு டெர்மினேட்டரிலிருந்தும் ஏறத்தாழ 22 மில்லி ஆம்பியர் பாய்கிறது. இரண்டு இருந்தால் 44. அப்படி இழுக்கும் ஓட்டுச் சில்லு (டிரைவர்) 48 வரை தாங்க வேண்டும் என்பதுதான் தரநிலை. மூன்றாவதைச் சேர்த்தால் 66. சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பழியோ நல்ல வன்தட்டின் மேல் விழும்.

> மின்தடையம்தானே அது? முனைத்தடை என்றால் பொருள் தெளிவாக இருக்கிறதே.

பொறியியல் படித்தவருக்குத் தெளிவுதான். ஆனால் கையேட்டில் வரப்போகும் வாக்கியத்தைப் பாருங்கள். பழைய வன்தட்டைத் திருப்பினால், 50 முள் இணைப்பானுக்குப் பக்கத்தில் ஒற்றை வரிசைக் கால்களோடு மெல்லிய நீளப் பட்டைகள் செருகியிருக்கும், வழக்கமாக மூன்று. இவைதான் அந்த வன்தட்டின் டெர்மினேட்டர். பட்டையின் ஒரு கோடியில் சிறு புள்ளி இருக்கும். அது 1ஆம் கால். நடுவில் வரும் வன்தட்டில் இந்தப் பட்டைகளைப் பிடுங்கி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். மறுபடி செருகும்போது புள்ளி திசை மாறக் கூடாது. இந்த இடத்தில் ‘முனைத்தடையை நீக்கவும்’ என்று எழுதினால், ஏதோ அடைப்பை எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். முனையில் இருக்கும் வன்தட்டிலும் எடுத்துவிடுவார்கள்.

தவிர, பின்னால் வந்த வகையில் 2.85 வோல்ட் தரும் மின்னழுத்தச் சீராக்கியும் தடத்துக்கு ஒரு 110 ஓம் மின்தடையமும் உண்டு. அதை வெறும் தடை என்பது பொருந்தவில்லை.

> ஒலியடக்கி என்றால் ஒலியை அடக்குவது. அப்படியானால் முனையடக்கி முனையையா அடக்குகிறது?

நியாயமான கேள்வி. இதை ஏழாம் வேற்றுமையில் விரித்துக்கொள்ளலாம்: முனையில் அடக்குவது. வீட்டுப்பூனை வீட்டில் வாழும் பூனைதானே. எதை அடக்குகிறது என்பதைச் சொல் சொல்லாவிட்டாலும், எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. வன்தட்டை மாட்டிக்கொண்டிருப்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும். அலையடக்கி எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதில் இடம் தெரியாது.

கிளைச்சொற்களையும் பார்த்துவிடுவோம். பாட்டை என்பது பஸ், அதாவது கருவிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் கம்பித் தொகுதி. ‘முனையடக்கம் செய்த பாட்டை’ வேண்டாம். அடக்கம் செய்தல் என்றாலே மயானம் நினைவுக்கு வரும். ‘முனையடக்கிய பாட்டை’ போதும். மின்தடையங்கள் மட்டுமே உள்ள பாசிவ் வகையைச் ‘செயலற்ற முனையடக்கி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், பழுதாகிப் போனது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். தடைவகை முனையடக்கி, சீராக்கிவகை முனையடக்கி என்று உள்ளிருப்பதை வைத்தே பிரிக்கலாம். 1990இல் வந்த மேக்கின்டாஷ் IIஎஃப்எக்ஸுக்கு மட்டும் தனியாகக் கறுப்பு நிறத்தில் ஒன்று வந்தது. அதைக் கறுப்பு முனையடக்கி என்றே சொல்வோம், அப்படிச் சொல்லித்தான் தேடுகிறார்கள்.

ஆகக் கையேட்டு வரி இப்படி வரும்: ‘பாட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு முனையடக்கி இருக்க வேண்டும், இடையில் உள்ள எதிலும் இருக்கக் கூடாது. செருகும்போதும் கழற்றும்போதும் எல்லாக் கருவிகளும் அணைந்திருக்க வேண்டும். வெளி வன்தட்டை முதலில் முடுக்கி, பிறகு கணினியை முடுக்கவும்.’

ஒன்றுதான் எனக்குத் திருப்தியாக அமையவில்லை. முனையடக்கிக்கென்று பாட்டையிலேயே தனித் தடத்தில் மின்சாரம் வருகிறதே, அதற்கு என்ன பெயர்? 1986இன் மேக்கின்டாஷ் பிளஸ் அந்த மின்சாரத்தைத் தராது, வெளி வன்தட்டுதான் தர வேண்டும் என்பதால் கையேட்டில் இது தவிர்க்க முடியாத இடம். ‘முனையடக்கி மின்வழங்கல்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். நீளமாகத் தெரிகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்