‘விளக்குக’ என்று கேட்டால் அது புரிதல் நிலையா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கேள்விகளை நினைவுகூர்தல், புரிதல் என்று சிந்தனை நிலைகளாகப் பிரிக்கும் ப்ளூம் வகைப்பாட்டின்படி ‘ஒளிச்சேர்க்கையை விளக்குக’ என்பதைப் ‘புரிதல்’ நிலையில் வைத்தேன். பிள்ளைகளோ புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுதித் தருகிறார்கள். இது எந்த நிலை?

பதில் 1: நினைவுகூர்தல்தான் சார். வினைச்சொல்லை விடுங்கள், விடை எழுதப் பிள்ளை என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாள் இருட்டில் வைத்த செடியின் இலை ஏன் மாவுச்சத்தைக் காட்டும் அயோடினில் நீலக்கருப்பாவதில்லை என்று கேளுங்கள். வகுப்பில் சொல்லித் தராத சோதனையாக இருந்தால்தான் யோசிப்பார்கள்.

பதில் 2: அப்புறம், ப்ளூமின் 1956 பட்டியலில் உச்சி நிலையாக இருந்தது மதிப்பிடல், 2001 திருத்தத்தில் அந்த இடம் படைத்தலுக்கு. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கேட்டவர்: சரி, அடுத்த தேர்வில் அதே இருட்டுச் செடிக் கேள்வி வந்தால்?

பதில் 1: மறுபடி நினைவுகூர்தல் ஆகிவிடும். இலையில் பாதியைக் கருப்புத் தாளால் மூடினால் என்ன ஆகும் என்று மாற்றிக் கேளுங்கள்.