டீபக்கரில் நாமே எழுதிய ஃபார்மேட்டர்களை எப்படிக் கட்டி மேய்ப்பது?

எடைமேடை:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரி எடைமேடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆறு பேர், சி பிளஸ் பிளஸ். நாலு பேருக்கு உபுண்டு, எனக்கும் இன்னொரு தம்பிக்கும் மேக். டீபக்கர் (ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்த்துத் தவறு தேடும் கருவி) எங்களில் ஐந்து பேருக்கு எல்எல்டிபி, மூத்தவர் ஒருவருக்கு மட்டும் ஜிடிபி. (வீட்டில் போன் பேசும்போது "ஜிடிபி படுத்துவிட்டது" என்று சொன்னால் அப்பா நாட்டின் பொருளாதாரம் என்று நினைத்து உடனே செய்தி சேனலைப் போடுகிறார்.)

எங்கள் கோடில் பணம் முழுக்க பைசாக் கணக்கு, 64 பிட் முழு எண். டீபக்கரில் 21240 என்று பார்த்துப் பார்த்து அலுத்துப் போய், மூன்று வருடம் முன்பு ஹோம் ஃபோல்டரில் உள்ள எல்எல்டிபிஇனிட் ஃபைலில் (எல்எல்டிபி தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) பைத்தானில் ஒரு சம்மரி (மதிப்பை நாம் சொல்லும் விதத்தில் ஒரே வரியில் காட்டும் ஃபார்மேட்டர்) எழுதிப் போட்டேன். ₹212.40 என்று காட்டும். எல்லோருக்கும் பிடித்தது. வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், அனுப்பினேன். வாங்கியவர்கள் அவரவர் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டார்கள். இன்றைக்கு ஐந்து கம்ப்யூட்டரில் ஐந்து விதமான ரூபாய்.

போன வாரம் நடந்ததுதான் இங்கே எழுத வைத்தது. எடை போடும் கட்டணம் 180 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 32.40, மொத்தம் 212.40. ரவுண்ட் ஆஃப் -0.40 போய் பில் 212 ரூபாய். பிரின்ட்டரில் சரியாக வருகிறது. டீபக்கரில் நின்று பார்த்தால் ரவுண்ட் ஆஃப் ₹-1.60! பிரின்ட் செய்யும் இடத்தில்தான் எங்கேயோ தவறு மறைந்திருக்கிறது என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் காலை பட்டரவாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது பொறி தட்டியது. பைத்தானில் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறங்கும். -40-ஐ 100-ஆல் வகுத்தால் ஈவு -1, மீதி 60. அந்த இரண்டையும் நான் ஒட்டி வைத்திருந்தேன். அதே கணக்கு சி பிளஸ் பிளஸில் ஈவு 0, மீதி -40. ஆக புரோகிராம் சரி, பொய் சொன்னது நான் எழுதிய ஃபார்மேட்டர். யாரையும் திட்ட முடியவில்லை.

இது போக வேறு தொல்லைகள். புதிதாகச் சேர்ந்த தம்பி உபுண்டுவில் 'லாங்' வகைக்கே அந்த சம்மரியைப் போட்டுவிட்டான். போர்ட் எண் 8080 அவனுக்கு ₹80.80 ஆகிவிட்டது. அதே வரியை என் மேக்கில் போட்டால் பைசா மாறிகள் எதுவும் மாறவே இல்லை, ஏன் என்று தெரியவில்லை. இன்னொருவர் ஒழுங்காக இருக்கட்டும் என்று டபிள்யூ ஆப்ஷன் கொடுத்துத் தனி கேட்டகரியில் (ஃபார்மேட்டர்களைத் தொகுத்து வைக்கும் குழு) சேர்த்தார், அவருக்கு எதுவுமே காட்டவில்லை. எடை வரிசைக்கு (எங்கள் சொந்த கன்டெய்னர்) நான் எழுதிய சின்தெடிக் (உள்ளே இருப்பவற்றைப் பிள்ளைகளாக விரித்துக் காட்டும் ஃபார்மேட்டர்) சில பிரேக்பாயின்ட்டில் (புரோகிராமை நிறுத்தக் குறித்த இடம்) நின்றால் டீபக்கரையே உறைய வைக்கிறது.

நீங்கள் எல்லாம் இதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? ரயிலில் போனில் தட்டுகிறேன், கட்டளைகளை ஒலிப்படியே எழுதியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்பாயின்ட் பெரியசாமி:

மேடம், உங்கள் தம்பியின் 80 ரூபாய் 80 காசிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் சுவாரசியம். 64 பிட் முழு எண்ணுக்கான 'இன்ட்64 டி' என்ற நிலையான பெயர் உபுண்டுவில் 'லாங்' என்பதற்கு மாற்றுப் பெயர். மேக்கில் 'லாங் லாங்' என்பதற்கு. எல்எல்டிபி ஒரு வகைக்கு ஃபார்மேட்டர் கிடைக்கவில்லை என்றால் டைப்டெஃப்பை (வகைக்கு வைத்த மாற்றுப் பெயரை) உரித்து உள்ளே இருக்கும் வகைக்கு இருக்கிறதா என்று பார்க்கும், அது இயல்பாகவே அப்படித்தான். அதனால் உபுண்டுவில் உங்கள் பைசாவும் ரூபாயாகும், போர்ட்டும் ரூபாயாகும். மேக்கில் உரித்தால் வருவது வேறு வகை, எனவே பைசா சும்மா இருக்கும். அடிப்படை வகைகளுக்கு ஃபார்மேட்டர் போடுவதே வம்பு. பைசாவை ஒரு உறுப்பு மட்டும் உள்ள ஸ்ட்ரக்டாக (நாமே வரையறுக்கும் தனி வகையாக) மாற்றிவிடுங்கள். ஃபார்மேட்டர் தலைவலி தீரும், பைசாவையும் கிராமையும் தெரியாமல் கூட்டினால் கம்பைலரே நிறுத்தும். ஸ்ட்ரக்ட் முடியாது என்றால் குறைந்தது பைசாவுக்கென்று தனி டைப்டெஃப் பெயர் வைத்து அதற்கு மட்டும் போடுங்கள்.

கேட்டகரி விஷயம் எல்லோரும் ஒரு தடவை விழும் குழி. புதிதாக உருவாகும் கேட்டகரி அணைந்த நிலையில்தான் பிறக்கும். 'டைப் கேட்டகரி எனேபிள்' என்று பெயரைக் கொடுத்து ஏற்றினால்தான் வேலை செய்யும். 'டைப் கேட்டகரி லிஸ்ட்' போட்டால் எது எரிகிறது எது அணைந்திருக்கிறது என்று காட்டும். கடைசியாக ஏற்றிய கேட்டகரியைத்தான் முதலில் தேடும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஒரே வகைக்கு இரண்டு கேட்டகரியில் ஃபார்மேட்டர் இருந்தால் அடிதடி அங்கேதான்.

எது ஜெயித்தது என்று ஊகிக்க வேண்டாம். 'டைப் சம்மரி இன்ஃபோ' என்று போட்டு மாறியின் பெயரைக் கொடுத்தால் அதற்கு எந்த சம்மரி பொருந்துகிறது என்று சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் 'ஃபிரேம் வேரியபிள்' கட்டளைக்கு 'ரா' ஆப்ஷன் கொடுங்கள், ஃபார்மேட்டர் எதுவும் இல்லாமல் உள்ளதை உள்ளபடி காட்டும். இதை முதல் நாளே செய்திருந்தால் உங்கள் இரண்டு நாள் மிச்சம். குத்திக்காட்டவில்லை, நானும் பட்டவன்தான்.

வாட்ஸ்அப்பை நிறுத்துங்கள். ஃபார்மேட்டர் எல்லாம் ரெப்போவிலேயே (கோடை எல்லோரும் பகிரும் களஞ்சியம்) ஒரு பைத்தான் ஃபைலில் இருக்கட்டும். 'கமாண்ட் ஸ்கிரிப்ட் இம்போர்ட்' செய்யும்போது எல்எல்டிபி அந்த ஃபைலில் 'எல்எல்டிபி இனிட் மாட்யூல்' என்ற ஃபங்ஷன் இருந்தால் கூப்பிடும் (முன்னால் இரண்டு அடிக்கோடு, வார்த்தைகளுக்கு நடுவில் ஒவ்வொன்று). அதற்குள் கம்பெனி கேட்டகரியை முதலில் டெலீட் செய்து, புதிதாகச் சேர்த்து, கடைசியில் எனேபிள் செய்யுங்கள். பழைய குப்பை தங்காது. எல்எல்டிபி வைத்திருக்கும் ஐந்து பேரின் எல்எல்டிபிஇனிட்டிலும் அந்த இம்போர்ட் ஒரு வரி மட்டும்.

தரமணி தவளை:

உறைவதைப் பற்றி நான் சொல்கிறேன். உங்கள் சின்தெடிக் உறைவது பெரும்பாலும் ஃபங்ஷனின் முதல் வரியில் நிற்கும்போதுதானே? அந்த நேரத்தில் உள்ளூர் மாறிக்கு இடம் ஒதுக்கியிருக்கும், கன்ஸ்ட்ரக்டர் (மாறியைத் தயார் செய்யும் ஃபங்ஷன்) இன்னும் ஓடியிருக்காது. அந்த இடத்தில் முன்பு யாரோ விட்டுப் போன குப்பைதான் இருக்கும். உங்கள் ஃபார்மேட்டருக்கு அது தெரியாது. 'எண்ணிக்கை' உறுப்பைப் படித்து, இத்தனை பிள்ளைகள் என்று எல்எல்டிபிக்குச் சொல்லிவிட்டு அத்தனையையும் நினைவகத்தில் தேடக் கிளம்பும்.

ஒரு அடையாளம் சொல்கிறேன். 64 பிட் இன்டெல் வகை உபுண்டுவில் எண்ணிக்கை 1407 என்று தொடங்கும் 15 இலக்க எண்ணாக வந்தால் அது எண்ணிக்கையே அல்ல, ஸ்டாக்கில் (உள்ளூர் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) எங்கேயோ உள்ள முகவரி. நான் முதலில் பார்த்தபோது ஒரு வாடிக்கையாளருக்கு 140 லட்சம் கோடி ஆர்டர் வந்திருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தோம்.

அதனால் பிள்ளைகளை எண்ணும் ஃபங்ஷனில் காவல் போடுங்கள். தொடக்க முகவரி பூஜ்யமா, எண்ணிக்கை கொள்ளளவை மீறுகிறதா, நியாயமான உச்சவரம்பைத் தாண்டுகிறதா? ஏதாவது ஒன்று இடித்தாலும் பூஜ்யம் திருப்புங்கள், சம்மரியில் 'இன்னும் தயாராகவில்லை' என்று எழுதுங்கள். வெறும் காலி என்று காட்டினால் அதுவும் ஒரு பொய், காலியான வரிசை வேறு, பிறக்காத வரிசை வேறு.

இன்னொன்று. ஃபார்மேட்டருக்குள்ளிருந்து உங்கள் கிளாஸின் ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடையை வாங்குவது வசதியாக இருக்கும், செய்யாதீர்கள். அது நிஜமாகவே புரோகிராமை ஓட வைக்கும். லாக் பிடித்திருக்கும் நேரத்தில் நின்றிருந்தால் தொங்கும். உங்களுக்கு எடைமேடையிலிருந்து கோர் டம்ப் (புரோகிராம் விழுந்தபோது சேமித்த நினைவகப் படம்) வருமே, அங்கே ஓடுவதற்கு உயிருள்ள புராசஸே கிடையாது, எதுவும் காட்டாது. உறுப்புகளை நேராகப் படியுங்கள்.

ஒன்பது மணி டீ:

ஜிடிபி பெரியவர் சார்பாக ஒரு குரல். 2009-ல் வந்த 7.0-இலிருந்து ஜிடிபியிலும் பைத்தான் பிரிட்டி பிரின்டர் (ஜிடிபியில் ஃபார்மேட்டருக்குப் பெயர்) உண்டு. 'இன்ஃபோ பிரிட்டி பிரின்டர்' பட்டியல் தரும், 'டிசேபிள் பிரிட்டி பிரின்டர்' அணைக்கும், 'பிரின்ட்' கட்டளையோடு சாய்கோடு ஆர் சேர்த்தால் கச்சா மதிப்பு. பதிவு செய்யும்போது 'ரீபிளேஸ்' என்பதை உண்மை என்று கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபைலை இரண்டாம் தரம் ஏற்றும்போது அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று தகராறு செய்யும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. -40-ஐ எழுத்தாக்கும் கணக்குக்கு டீபக்கர் எதற்கு? பைசா எண்ணை வாங்கி எழுத்தைத் திருப்பும் ஃபங்ஷனைத் தனி பைத்தான் ஃபைலில் வையுங்கள். அதில் எல்எல்டிபியும் வேண்டாம், ஜிடிபியும் வேண்டாம். இரண்டு டீபக்கருக்கும் மெல்லிய ஒட்டு ஃபைல் ஒவ்வொன்று, அவை மதிப்பைப் படித்து இதனிடம் கொடுக்கும், அவ்வளவுதான். இந்த ஃபைலை சாதாரண பைடெஸ்டில் (பைத்தான் சோதனைக் கருவி) ஓட்டலாம்: 0, 5, -40, -100, 21240, அப்புறம் 64 பிட்டின் மிகச் சிறிய எண். 5 பைசாவை ₹0.5 என்று காட்டிய ஃபார்மேட்டரை நான் பார்த்திருக்கிறேன், எழுதியவர் பெயரைக் கேட்காதீர்கள்.

எடைமேடை:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து வந்து எழுதுகிறேன்.

பைசாவை ஸ்ட்ரக்டாக மாற்றியதும் கம்பைலர் நாலு இடத்தில் கத்தியது. மூன்று இடம் சும்மா, நாலாவது இடத்தில் நிஜமாகவே கிராமோடு பைசாவைக் கூட்டி வைத்திருந்தோம். எந்தச் சோதனையிலும் அது பிடிபடவில்லை. அதை எழுதியவர் யார் என்று ஹிஸ்டரியைப் பார்த்தேன், அதுவும் நான்தான்.

எண்ணிலிருந்து மைனஸைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியை வகுக்கும் ஃபங்ஷன் இப்போது தனி ஃபைலில் இருக்கிறது, 11 டெஸ்ட். தம்பிதான் எழுதினான். பெரியவரின் ஜிடிபிக்கான ஒட்டு ஃபைல் 30 வரிகூட வரவில்லை. அவர் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

உறைவதற்குக் காரணம் தவளை சார் சொன்னதேதான். உபுண்டுவில் நின்று கச்சாவாகப் பார்த்தேன், 1407 என்று தொடங்கும் எண். சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். மேக்கில் டெர்மினலில் எல்லாம் வருகிறது. மேக் வைத்திருக்கும் இன்னொரு தம்பி எக்ஸ்கோடுக்குள் (ஆப்பிளின் புரோகிராம் எழுதும் மென்பொருள்) ஓட்டினால் எதுவும் வரவில்லை. அதே ஹோம் ஃபோல்டர், அதே ஃபைல்.

பிரேக்பாயின்ட் பெரியசாமி:

அவருடைய ஹோம் ஃபோல்டரில் எல்எல்டிபிஇனிட் பெயரோடு ஒரு சிறு கோடு போட்டு எக்ஸ்கோட் என்று முடியும் இன்னொரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ்கோட் அதை மட்டும் படிக்கும், பொது ஃபைலைத் தொடாது. இம்போர்ட் வரியை அதிலும் போடச் சொல்லுங்கள்.

ரெப்போ ஃபோல்டருக்குள்ளேயே ஒரு எல்எல்டிபிஇனிட் வைத்தால் தானாக ஏறுமே என்று யாராவது சொல்வார்கள். இயல்பில் ஏறாது, அதற்கென்று ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். எவனோ எழுதிய ரெப்போவை இறக்கி டீபக்கரைத் திறந்ததும் அவன் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த செட்டிங்கைத் தொடாமல் விடுங்கள்.

எடைமேடை:

இருந்தது சார், எப்போதோ ஒரு டுட்டோரியல் பார்த்து உருவாக்கியதாம், உள்ளே ஒரே ஒரு அலையஸ். வரியைச் சேர்த்ததும் வந்துவிட்டது.

இப்போது ஆபீஸில் புதுச் சண்டை: ரூபாய்க்குப் பக்கத்தில் கச்சா எண்ணையும் காட்ட வேண்டுமா என்று. ₹-0.40 [-40] என்று நான் வைத்திருக்கிறேன். கண்ணை உறுத்துகிறது என்கிறான் தம்பி. இரண்டு நாள் தொலைத்தது நான், அதனால் அது அப்படியே இருக்கும்.