ஆபீஸ் மீட்டிங்கில் "இது தப்பு" என்று சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

டெக் கம்பெனிகளை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா, நல்ல தலைமை இருந்தால் போதாதா என்ற வாதம் எங்கு போனாலும் நடக்கிறது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அந்த வாதத்தை விடப் பிரயோஜனமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் என்னுடையதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

2016. ஒரு சோஷியல் ஆப் நிறுவனத்தில் பேக்எண்ட் வேலையில், அதாவது பயனர் கண்ணுக்குத் தெரியாத டேட்டாபேஸ், சர்வர் பக்கத்தில், இருந்தேன். ஒரு நாள் சப்போர்ட் டீமிலிருந்து ஒரு மெயிலை எனக்கு அனுப்பினார்கள். எழுதியவர் ஒரு பெண். கணவரை விட்டுப் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது, பிரிந்த வாரமே எங்கள் ஆப்பில் கணக்கை அழித்துவிட்டார். ஆனால் அந்தக் கணவருடைய போனில் "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று இவருடைய படம் வந்துகொண்டே இருக்கிறது, அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த ஆள் இவருடைய தம்பிக்குப் போன் போட்டு மிரட்டுகிறார். "நான் அழித்துவிட்டேனே, அப்புறம் எப்படி?" என்று கேட்டிருந்தார்.

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். அவருடைய பெயர், படம், பிறந்த தேதி, நண்பர்கள், 3 வருட மெசேஜ்கள், எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் "டெலீட்டட்" என்று ஒரு கட்டம், அதில் 0 இருந்த இடத்தில் 1 என்று மாறியிருந்தது. அவ்வளவுதான். "கணக்கை நீக்கு" என்ற சிவப்புப் பட்டனை அழுத்தி, "நிச்சயமாகவா?" என்ற கேள்விக்கு ஆமாம் சொல்லி, பாஸ்வேர்டையும் மறுபடி போட்டு அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு எண்ணை மாற்றியது மட்டும்தான். புரோகிராமர்களுக்கு இது புதிது கிடையாது, சாஃப்ட் டெலீட் என்போம். தெரியாமல் அழித்தவர்களுக்கு மீட்டுக் கொடுக்க அது தேவையும்கூட. ஆனால் எங்களிடம் அதற்கு முடிவு தேதியே இல்லை. பரிந்துரை காட்டும் பகுதியை எழுதியவர் அந்தக் கட்டத்தைப் பார்க்க மறந்துவிட்டார், அதனால் அழித்தவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய திரையில் உயிரோடு இருந்தார்கள்.

பரிந்துரையை அன்று சாயங்காலமே சரி செய்துவிட்டேன். ஆனால் உண்மையாகவே அழிக்க வேண்டும் என்று ஒரு டிக்கெட் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் ஒரு பதிவு) போட்டேனே, அது ஆறு காலாண்டு நகரவே இல்லை. ஒவ்வொரு திட்டமிடல் கூட்டத்திலும் நான் அதை எடுப்பேன், மேனேஜர் பொறுமையாகக் கேட்பார். "அழிச்சிட்டா, திரும்பி வர்றவங்களுக்குப் பழைய நண்பர்கள் லிஸ்ட் இருக்காதே. அப்புறம் அவங்க எதுக்குத் திரும்பி வரணும்?" என்பார். அவர் கெட்டவர் கிடையாது, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு வாரம் என் வேலையைத் தானே எடுத்துச் செய்தவர். அவருடைய மேலதிகாரி அவரிடம் கேட்பது ஒரே எண், மாதம் எத்தனை பேர் ஆப்பைத் திறந்தார்கள் என்பது. அந்த எண்ணைக் குறைக்கக்கூடிய எதையும் அவரால் தூக்கிக்கொண்டு மேலே போக முடியாது.

எங்களுக்கு ஐரோப்பாவிலும் பயனர்கள் இருந்தார்கள். ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே நிறைவேறியது 2016 ஏப்ரலில், நடைமுறைக்கு வரும் நாள் 2018 மே 25 என்று குறித்திருந்தார்கள். அதன் 17-வது பிரிவு, தன் தரவை அழிக்கச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலகம் முழுக்க வரும் ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். 2018 ஜனவரியில் அதே மேனேஜர் என் இருக்கைக்கு வந்தார். "அந்த டிக்கெட் நம்பர் என்ன?" என்று கேட்டார். 6 பேரை ஒதுக்கினார்கள். ஒன்றரை வருடம் முடியாத விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவருக்கும் இதைச் செய்ய ஆசை இருந்திருக்கிறது, மேலே கொண்டுபோகக் கையில் ஒன்றும் இல்லை, சட்டம் வந்ததும் கிடைத்துவிட்டது.

உங்கள் அனுபவம் எப்படி?

* * *

நான் இன்ஜினியர் இல்லை, சப்போர்ட்டில் இருந்தவள். மாதச் சந்தா வாங்கும் ஒரு நிறுவனம். ரத்து செய்யக் கூப்பிடுகிறவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை வேண்டாம் என்றால் தள்ளுபடி சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை சொன்னால் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாவது தடவையும் சொன்னால்தான் ரத்து. அதற்கு முன் ரத்து செய்தால் அந்த அழைப்புக்கு எனக்கு மதிப்பெண் கிடையாது.

ஒருவர் கூப்பிட்டார், மனைவி இறந்துவிட்டார், அவருடைய கணக்கு இது, மூடிவிடுங்கள் என்றார். நான் தாளைப் பார்த்தேன். தள்ளுபடி பற்றிப் பேச வேண்டிய இடம். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நேரே ரத்து செய்தேன். அந்த வாரம் டீம் லீட் என்னைக் கூப்பிட்டு அந்த அழைப்பைப் போட்டுக் காட்டி, "மனசு புரியுதும்மா, ஆனா பிராசஸ்னு ஒண்ணு இருக்கு" என்றார். அவருக்கும் ஒரு மதிப்பெண் பலகை இருந்தது. இரண்டு மாதத்தில் விலகிவிட்டேன்.

அமேசான் பிரைம் வழக்கு வந்தபோது எனக்கு அது எல்லாம் ஞாபகம் வந்தது. வர்த்தகத்தில் வாடிக்கையாளர்களைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி 2023 ஜூனில் போட்ட வழக்கு அது. ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகள் என்று மனுவில் எழுதியிருந்தார்கள், அந்த வழிக்கு உள்ளே வைத்திருந்த பெயர் இலியட் என்றும் சொன்னார்கள். ட்ராய் போரைப் பாடிய அந்த நீண்ட காவியத்தின் பெயர்தான். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசம் ஆனது, அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்கே திருப்பித் தர வேண்டும். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பிரைம் வேண்டாம் என்று சொல்லத் தெளிவான பட்டன் வைக்க வேண்டும், சேர்ந்த அதே வழியிலேயே சுலபமாக வெளியே போகவும் விட வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் டீம் லீடிடம் அதைச் சொல்லியிருப்பேன்.

* * *

இரண்டு பேர் சொன்னதையும் மதிக்கிறேன், ஆனால் மறுபக்கமும் பேச வேண்டும். நாங்கள் 6 பேர் சேர்ந்து நடத்தும் சின்ன நிறுவனம். முதலில் எழுதியவர் சொன்ன அதே ஜிடிபிஆர் எங்களை எப்படிப் போட்டு வாட்டியது தெரியுமா? என்னென்ன தரவை எதற்குக் கையாள்கிறோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்பது 30-வது பிரிவு. 250 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு என்று படித்துச் சந்தோஷப்பட்டோம். அப்புறம் வக்கீல் அடுத்த வரியைக் காட்டினார். எப்போதாவது ஒரு தடவை என்றால்தான் விலக்கு, தினமும் வாடிக்கையாளர் தரவைக் கையாள்கிறவர்களுக்குக் கிடையாது. தினமும் கையாளாத சாஃப்ட்வேர் கம்பெனி எங்கே இருக்கிறது?

இரண்டு மாதம் நாங்கள் புதிதாக ஒரு வசதியும் செய்யவில்லை, படிவம்தான் எழுதினோம். பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஒரு மாடி முழுக்க ஆள் இருப்பார்கள். 2023 மே 16 அன்று, சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்து, சக்திவாய்ந்த ஏஐ மாடல்களுக்கு உரிமம் கொடுக்க ஓர் அரசு அமைப்பு வேண்டும் என்று தானே கேட்டார். சின்ன நிறுவனங்களை அதில் நெருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உரிமம் என்று ஒன்று வந்தால் முதலில் வாங்குகிறவர் யார், வரிசையில் கடைசியில் நிற்பவர் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஐரோப்பாவின் டிஎம்ஏ, அதாவது பெரிய டிஜிட்டல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், போட்ட கோடு பிடித்திருக்கிறது. அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்கள், வருடம் 10,000 வணிகப் பயனர்கள், அதோடு 750 கோடி யூரோ விற்றுமுதல் அல்லது 7,500 கோடி யூரோ சந்தை மதிப்பு, பெரும்பாலும் இந்த அளவில் இருப்பவர்களைத்தான் வாயில்காப்பாளர் (கேட்கீப்பர்) என்று பிடிக்கிறார்கள். கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை பார்த்துச் சுமத்துங்கள் என்கிறேன்.

* * *

தலைமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உண்மையிலேயே நல்ல ஒரு தலைவரிடம் வேலை பார்த்தேன். குழந்தைகளுக்கான ஆப். எங்கள் நிறுவனர் விளம்பரமே கூடாது என்று முதல் நாளிலிருந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அதில் பெருமைப்பட்டோம், குறைந்த சம்பளத்துக்கே இருந்தோம். ஏழாவது வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போய் நிறுவனத்தை விற்றார். வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் விளம்பரத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் நல்லவராக இருந்த ஏழு வருடமும் எங்கேயும் எழுத்தில் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எழுத்தில் இருந்தாலும், எழுதியவரே அழிக்கலாம் என்றால் அதுவும் அப்படித்தான். 2018-இல் கூகுள் ஊழியர்கள் சுமார் 4,000 பேர் அமெரிக்க ராணுவத்தோடு செய்த மேவன் ஒப்பந்தத்தை (ட்ரோன் வீடியோக்களை ஏஐ வைத்து ஆராயும் திட்டம்) எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏஐ-யை ஆயுதங்களுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று கொள்கையும் வெளியிட்டது. எங்கள் ஆபீஸில் அன்று அதைப் பற்றி எவ்வளவு நம்பிக்கையோடு பேசினோம்! 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டார்கள். ஓட்டெடுப்பு இல்லை, விசாரணை இல்லை, ஒரு வலைப்பதிவு போதுமானதாக இருந்தது.

ஓபன்ஏஐ-யிலும் பாருங்கள், தலைவர் ஆல்ட்மனையே நீக்கும் அதிகாரம் லாபநோக்கமற்ற அமைப்பின் வாரியத்திடம் இருந்தது. 2023 நவம்பர் 17-இல் நீக்கினார்கள். சுமார் 770 ஊழியர்களில் 700-க்கும் மேற்பட்டவர்கள் நாங்களும் போய்விடுவோம் என்று கடிதம் எழுத, ஒரு வாரம் முடிவதற்குள் அவர் திரும்பி வந்தார். யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். உள்ளேயே ஒரு கடிவாளம் போட்டுக்கொண்டால் போதும் என்று நம்பிய எனக்கு அந்த வாரம் பெரிய பாடம்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். சின்ன நிறுவனம் நடத்தும் நண்பர் சொன்னது நியாயம். நாங்கள் ஒதுக்கிய 6 பேர்தான் உங்களுக்கு மொத்தக் கம்பெனியே. அதை நான் யோசிக்கவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அபராதம் மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2019 ஜூலையில் ஃபேஸ்புக்குக்கு எஃப்டிசி 500 கோடி டாலர் அபராதம் போட்டது. அதற்கு முந்தைய வருடம் அவர்களுடைய வருமானம் 5,500 கோடி டாலருக்கும் மேல். அபராதச் செய்தி கசிந்த அன்று பங்கு விலை ஏறியது. ஃபோக்ஸ்வாகனில் நடந்ததைப் பாருங்கள். புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் அடக்கி வாசிக்கும் மென்பொருள், உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில். 2015-இல் வெளியே வந்தது. அதில் வேலை செய்த ஒரு பொறியாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017-இல் 40 மாதச் சிறை விதித்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் டீமில் யாரும் மதியச் சாப்பாட்டில் சரியாகப் பேசவில்லை. "மேல சொன்னாங்க, செஞ்சேன்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அதற்காகப் பொறியாளர்களை மட்டும் பிடித்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டவர் வரை போக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2018 ஜூனில் அழிக்கும் வேலை முடிந்ததும் முதலில் அவருடைய பதிவைத்தான் ஓட்டினேன். பிறகு சப்போர்ட் டீமிடம் அனுமதி வாங்கி, உங்கள் தகவல் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது, இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. "பேக்கப்பிலும் அழித்துவிட்டீர்களா?"

அழிக்கவில்லை. பேக்கப் 90 நாள் இருக்கும், அதற்குள் கைவைக்க எங்களிடம் வழி இல்லை. அதைப் பற்றி ஆறு பேரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை, நானும்தான். மூன்று நாள் சரிபார்த்துவிட்டு, கடைசிப் பிரதி எந்தத் தேதியில் போகும் என்று எழுதினேன். அந்தத் தேதியை என் காலண்டரிலும் குறித்து வைத்தேன். அன்று காலையில் போய்ப் பார்த்தேன், இல்லை. இப்போது இல்லை என்று அவருக்கு எழுதினேன்.