‘சோப்ரெமேசா’வுக்குத் தமிழ் என்ன?

அன்பர்களே,

ஸ்பானியச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ‘சோப்ரெமேசா’வில் மாட்டிக்கொண்டேன். மதியச் சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்காமல், காபிக் கோப்பையும் ரொட்டித் துணுக்குகளும் கிடக்கிற அதே மேசையில் பேசிக்கொண்டே இருப்பார்களே, அந்த நேரமும் அந்தப் பேச்சும்தான். உணவகமாக இருந்தாலும், கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். கதையில் 9 இடத்தில் வருகிறது. ‘உணவுக்குப் பிந்தைய உரையாடல்’ என்று போட்டுப் பார்த்தேன். மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது.

– க.

*

க. அவர்களுக்கு,

சோப்ரே என்றால் மேல், மேசா என்றால் மேசை. நம் மேசையே போர்த்துக்கீசியர் கொடுத்த மேசாதான். ஆக, பாதிச் சொல் ஏற்கெனவே நம் வீட்டில் கிடக்கிறது. ‘மேசைப்பேச்சு’ என்று முடித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று, அந்தச் சொல் பேச்சோடு நிற்பதில்லை. மேசை விரிப்புக்கும் அதே பெயர் உண்டு. ஸ்பெயினில் மேசைக் கணினி ‘ஓர்தெனதோர் தே சோப்ரெமேசா’. மூன்று மணிச் செய்திக்கு அப்புறம் தொலைக்காட்சியில் போடுகிற படம் சோப்ரெமேசா படம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் தேடினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

– இரா.

*

மேசையை விட்டால் தமிழுக்கு நாதியில்லையா? ‘பின்னூண்’ என்கிறேன். இல்முன் என்பது முன்றில் ஆனது போல, ஊண்பின் என்பது பின்னூண். இலக்கணப்போலி, அவ்வளவுதான். பேச்சை மட்டும் சுட்ட வேண்டுமானால் ‘அளவளாவல்’ இருக்கவே இருக்கிறது. அளவளாவாதவன் வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல என்று வள்ளுவர் 523இல் சொல்வதும் சுற்றத்தாரோடு கூடியிருப்பதைத்தான். அந்தக் குறளில் வரும் குளவளா என்ற தொடரிலுள்ள ‘வளா’வைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

– செ.

*

செ. ஐயா, தனி மடலுக்கு அவசரமில்லை. பின்னூண் என்றால் என் வகுப்பில் பிள்ளைகள் பாயசம் என்பார்கள். கூத்து என்னவென்றால், போர்த்துக்கீசியத்தில் சோப்ரெமேசா என்றால் அதேதான், சாப்பாட்டின் கடைசியில் வரும் இனிப்பு!

நம்மிடம் இதற்கு ஏன் சொல் இல்லை என்று யோசித்தேன். எச்சில் கையோடு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? சாப்பிட்டுவிட்டுக் கதை பேசினால் எங்கள் பெரியம்மா, “கை காஞ்சு போச்சு பாரு, எழுந்து கழுவு” என்று விரட்டுவார். அப்புறம் பேச்சு திண்ணைக்குப் போய்விடும், வெற்றிலைத் தட்டோடு. நம் சோப்ரெமேசா இடம் மாறி நடக்கிறது. ‘தாம்பூலப் பேச்சு’ சரிவருமா?

– மா.

*

மா. அக்கா, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் வருகிற பாட்டியின் கையில் பிராந்தி கலந்த காபி. தாம்பூலம் என்று எழுதினால் அவள் வாய் சிவந்துவிடும்.

மேசைப்பேச்சுக்கு நான்கு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாவது இடத்தில் இடிக்கிறது. சொத்துத் தகராறில் அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. அதுவும் சோப்ரெமேசாதான். பேச்சே இல்லாத மேசைப்பேச்சை எப்படி எழுத? அங்கே மட்டும் பந்தி கலைவதை நினைத்துக்கொண்டு, ‘மேசை இன்னும் கலையவில்லை’ என்று எழுதிவிட்டேன். பெயர்ச்சொல் போய் வினையாகிவிட்டது, பரவாயில்லை.

– க.

*

‘கலையாப் பந்தி’ என்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பெயராகவே நிற்கும், ஒன்பது இடத்துக்கும் பொருந்தும், மேசையும் தொலையும். யாரும் கேட்கப்போவதில்லை. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

– செ.