ஜெர்மனியில் முதல் மாதம்: கையில் தனியாகப் பணம் வேண்டும்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற மாணவர்கள் விசாவுக்குக் காட்டும் பிளாக்டு அக்கவுண்ட் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைத்த கணக்கு) தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதையே நம்பிப் போய் இறங்குகிறவர்கள்தான் முதல் மாதம் திண்டாடுகிறார்கள். அந்தப் பணம் வந்து விழ தனியாக ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் அதற்கு முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரி பதிய, அதாவது ஆன்மெல்டுங் செய்ய, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங், அதாவது நீங்கள் அங்கே குடிவந்ததற்கான சான்று, வேண்டும். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. அந்தச் சான்று குடிவந்த தேதி எழுதிய ஒரு தாள்தான். சாவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், அதனால் வீடு உறுதியான அன்றே ஆன்லைனில் தேடத் தொடங்குங்கள். "இங்கே பதிவு கிடையாது" என்று சொல்லி வாடகைக்கு விடும் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

* * *

அட்வான்ஸையும் கணக்கில் சேருங்கள். சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டே வரை கேட்கலாம். ஹீட்டர், தண்ணீர்ச் செலவு சேராத வெறும் வாடகை அது. 350 யூரோ அறை என்றால் 1,050 யூரோ. ஆனால் அதை மூன்று சம மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு, சிவில் சட்டம் 551ஆம் பிரிவு. பலர் இது தெரியாமல் மொத்தமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வார்ம்மீட்டே, அதாவது ஹீட்டர், தண்ணீர்ச் செலவும் சேர்ந்த வாடகை, என்று போட்டிருந்தாலும் கரண்ட், இன்டர்நெட் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் கரண்ட் தனி.

* * *

சின்ன விஷயம், ஆனால் எல்லாமே இதில்தான் நிற்கும்: தபால் பெட்டியில் உங்கள் பெயர். அங்கே தபால்காரர் அறை எண் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். ஏடிஎம் கார்டு ஒரு கவர், அதன் ரகசிய எண் (PIN) வேறொரு கவர், வரி எண், இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் தபாலில்தான் வரும். பதிவில் உள்ள பெயரையே, குடும்பப் பெயராகப் பதிவு அலுவலகத்தார் எடுத்துக்கொண்டதையும் சேர்த்து, குடிபோன அன்றே ஒட்டுங்கள்.

* * *

மருத்துவ இன்சூரன்ஸில் அவசரம் வேண்டாம். முப்பது வயதுக்குள் இருந்தால் அரசு சார்ந்த காப்பீட்டில் மாணவர் கட்டணம் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்காக அரசு சார்ந்த காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது.