கரையிலிருந்து தூண்டில் போட எந்த இடம் நல்லது?

அடுத்த வாரம் ஒரு கடலோர ஊரில் 4 நாள் குடும்பத்தோடு தங்கப் போகிறோம். படகு வேண்டாம், கரையிலிருந்தே தூண்டில் போட ஆசை. எங்கே நிற்கலாம்?

பதில்: முதலில் முகத்துவாரம், அதாவது ஆறு கடலில் சேரும் இடம். கடல் நீர் ஏறி முடிந்து வற்றத் தொடங்கும்போது குஞ்சு மீனும் இறாலும் ஆற்றோடு கடலுக்கு இழுபட்டு வரும், அதைத் தின்னப் பெரிய மீன்கள் வாசலிலேயே காத்திருக்கும். கடல் நீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்று கடித்த நேரத்துக்கே இன்றும் போகாதீர்கள்.

பதில்: மணல் கரையில் அலை உடையாமல் கருமையாகத் தெரியும் இடம் பெரும்பாலும் பள்ளம்தான். அங்கே வீசுங்கள். ஆனால் இறங்காதீர்கள், ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இருக்கும்.

பதில்: அலைதடுப்புக் கற்களிலும் மீன் உண்டு. பாசிக்கல்லில் வழுக்கி எனக்கு முழங்கால் கிழிந்தது, பிள்ளைகளைத் தயவுசெய்து அங்கே ஏற்ற வேண்டாம்.